எறும்புச் சாரை கற்பிக்கும் கணக்கு

பழையசீவரத்து வரப்புகளில் எறும்புச் சாரையைக் காணாத அங்கத்தினர் இரார். அதனை நடத்தும் தலைமை எதுவுமில்லை. இரை கண்டு மீளும் எறும்பு தரையில் வாசனைப் பொருளைத் தீற்றிச் செல்கிறது. பின்வருவன அதனை முகர்ந்து தொடர்கின்றன.

1989-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் டெனூபூர்க் முதலிய அறிஞர், அர்ஜென்டினா எறும்புகளுக்கு நெடியதும் குறியதுமாக இரு பாலங்கள் அமைத்தனர். குறும்பாலத்தில் சென்றவை விரைவில் திரும்பியதால் அங்கே வாசனை முந்தி மிகுந்தது. கூட்டமும் அதனையே நாடியது. சம நீளப் பாலங்களைக் கொண்டு 1990-இல் அவர்கள் வகுத்த கணக்கு எளியது. ஒவ்வொரு பாதையிலும் சென்ற எறும்புகளின் தொகையோடு 20-ஐக் கூட்டி வர்க்கம் காண்க. ஒன்றில் 20-ம் மற்றதில் 10-ம் சென்றிருப்பின் வர்க்கங்கள் 1600, 900. ஆகவே, அடுத்த எறும்பு முதற்பாதையில் செல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 64.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. முதலில் நெடும்பாலத்தை மட்டும் வைத்துப் பின்னர் குறும்பாலத்தைச் சேர்த்தபோது, எறும்புகளிற் பெரும்பாலானவை பழைய வழியை விடவில்லை. அயலார் பயிரிட்டனர், அயலார் நெய்தனர் என்று ஒன்றையே அனைவரும் தொடர்ந்தால் நமக்கும் அதுவே நேரும். விளைவு விலையிழக்கும், சேலை தேங்கும். 1992-இல் மார்கோ டோரிகோ இம்முறையைக் கணிப்பொறிக்கு அமைத்தபோது, பழைய வாசனை படிப்படியாக மறையுமாறும் விதி செய்தார். நம் சங்கக் கூட்டத்திலும் சென்ற பருவத்துச் செய்தி மறைந்து, இவ்வாரத்து விலையும் சரக்கிருப்பும் உரைக்கப்படுதல் வேண்டும். அதற்கு ஒவ்வோர் அங்கத்தினரும் தாம் கண்டதைக் கூட்டத்தில் வந்து கூறுதல் கடமையாகும்.