சென்னைக் கடற்கரையில் ஒரு பாங்கி மாளிகை

திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவரில் பலர், திருவாங்கூர் ஸ்டேட் பாங்கியில் சிறுகச் சிறுகச் சேமித்து வந்தவர்கள். 1945-இல் தோன்றிய அப்பாங்கி, 2017 ஏப்ரல் முதல் நாளன்று பாரத ஸ்டேட் பாங்கியுடன் இணைந்துவிட்டது. கணக்குப் புத்தகத்தின் மேலட்டை மாறியதேயன்றி வேறொரு மாறுதலும் நாம் கண்டிலோம். ஆயினும், நம் பணம் புகுந்த வீட்டின் பூர்விகத்தைப் பார்க்கவேண்டும் என்னும் ஆவல் நமக்கு உண்டாயிற்று. அண்மையில் சென்னை சென்ற சமயம், கடற்கரை ரயில் நிலையத்தில் இறங்கி, அந்த வீட்டைத் தேடிச் சென்றோம். (ரயில்வே குமாஸ்தாவுக்கு இலவசப் பாஸ்தானே பெருஞ்செல்வம்!)

1843-இல் ஏற்பட்ட சென்னைப் பாங்கி, விக்டோரியா மகாராணியின் ஆட்சி முடியுங் காலத்தில், 1897-இல், எழுப்பிய மாளிகை அது. மைசூர் அரண்மனையை வகுத்த ஹென்றி இர்வினுடைய கைவண்ணம். கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டியார். கம்பீரமான செங்கற் சுவர்கள், வரிசை வரிசையாக வளைவுகள், கோபுரங்களின் உச்சியில் சிறு குவிமாடங்கள் என மொகலாயக் கோலமும் ஐரோப்பியக் கணக்கும் கலந்து நிற்கின்றன. நம் நகரத்தில் சிஷோம் துரை வகுத்து 1880-இல் முடிந்த நேப்பியர் காட்சிசாலையைத் தினமும் காண்பவர்களுக்கு, இது அதன் ஒன்றுவிட்ட தம்பி என்றே தோன்றும். ஆனால் மூத்தவனிடம் நம் மலைநாட்டுக் கூரையின் சாயல் உண்டு. தம்பியிடம் அது இல்லை. அழகில் மூத்தவனே மேல் என்பது நம் கட்சி.

வட்டிக்குக் கடன் கொடுக்கும் இடத்திற்கு அரண்மனைக் கோலம் எதற்கு? பணம் போடுகிறவன் ஏடுகளைப் படிப்பதில்லை, சுவரைத்தான் பார்க்கிறான். சுவர் திண்ணெனில் பாங்கியும் திண்ணென நம்புகிறான். கட்டடத்திற்குச் செலவழித்த பணமும் ஒருவகை முதலீடே.

அந்நம்பிக்கை எவ்வளவு மெல்லியது என்பதையும் அக்கடற்கரையே அறியும். 1906 அக்டோபரில், அங்கேயே தொழில் நடத்திவந்த ஆர்பத்நாட் கம்பெனி திவாலாயிற்று. சுவரில் ஒரு கீறலும் விழவில்லை; ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்புமட்டும் மறைந்தது. அத்துயரத்தின் எதிரொலியாகவே, வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்கி பிறந்தது.

சென்னைப் பாங்கியோ 1921-இல் இம்பீரியல் பாங்கியில் கலந்து, 1955-இல் ஸ்டேட் பாங்கி எனப் பெயர் பெற்றது. 2014 ஜூலையில் மாளிகையின் மாடிப்பகுதி தீக்கிரையாயிற்று. இம்முறை நேர்ந்தது நேர்மாறு: சுவர்கள் கருகின, போட்டவர் பணம் போகவில்லை.

சென்னை செல்லும் சங்க அன்பர்கள் அதனை அவசியம் பார்க்கவேண்டும். முகப்பு கடலை நோக்கியது. ஆதலின், வெயில் செங்கல்லின்மேல் விழும் காலை வேளையே தக்கது.