'பார்க் ஸ்டேஷன்' இருக்கு... அந்த 'பார்க்' எங்கே?

நெல்லிக்குப்பத்தில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி, சென்ட்ரல் போக மின்சார ரயில் பிடித்தால் அடுத்த ஸ்டேஷனே 'பார்க்'. ஏரியா பெயரும் பார்க் டவுன். ஆனால், பார்க்?

இருந்தது... 116 ஏக்கரில்!

1859-60-ல் மதராஸ் கவர்னராக இருந்த சார்லஸ் ட்ரெவெல்யனின் யோசனையில் உருவானது 'பீப்பிள்ஸ் பார்க்'. சென்னைவாசிகள் 'உயிர்க் காலேஜ்' என்று அழைத்த மிருகக்காட்சி சாலையும் இங்கேதான் இருந்தது.

என்ன ஆச்சு?

ஒரே நாளில் காணாமல் போகவில்லை. விக்டோரியா ஹால் வந்தது. 1900-ல் மூர் மார்க்கெட், 1913-ல் ரிப்பன் மாளிகை, பிறகு நேரு ஸ்டேடியம். 1985-ல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. அதே ஆண்டு மூர் மார்க்கெட் எரிந்தது. அங்கே ரயில்வே கட்டிடம் எழுந்தது. இன்று மிச்சமிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகள்தான்.

இதில் எதையும் தேவையில்லாத கட்டிடம்னு சொல்லிட முடியாது. சிக்கலே அதுதான். காலி இடம் என்றால், கட்டுவதற்கு ஒரு நல்ல காரணம் கிடைத்துவிடுகிறது. மழைநீர் இறங்கும் மண், வெயிலுக்கு நிழல், காசில்லாமல் உட்கார ஓர் இடம் என்பதெல்லாம் கணக்கில் வருவதே இல்லை.

நமக்கு என்ன?

பூங்கா, விளையாட்டுத் திடல்களைக் காக்க தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. உங்க நகர் வரைபடத்தில் 'பூங்கா'ன்னு போட்டிருக்கும் இடத்தில் இப்போ என்ன இருக்கு? ஒருமுறை போய்ப் பாருங்க.