20 மில்லிமீட்டர் வாசல்

2019-இல் அறிமுகமான 1 ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். விட்டம் 20 மில்லிமீட்டர். ஒரு பந்தயக் காரின் இன்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் அந்த நாணயம் அளவுள்ள ஓட்டை வழியாகத்தான் நுழைய வேண்டும் என்று விதி இருந்தால்? இருக்கிறது. பொறியியல் மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய ஒற்றை இருக்கைக் கார்களோடு கலந்துகொள்ளும் 'ஃபார்முலா ஸ்டூடண்ட்' போட்டிகளில், பெட்ரோலில் ஓடும் இன்ஜின் 710 சி.சி.க்கு மேல் இருக்கக்கூடாது. அது இழுக்கும் காற்று இந்த 20 மில்லிமீட்டர் வாசலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கோவை செட்டிபாளையத்தில், மில் குடும்பத்தில் பிறந்து கார்ப் பந்தயத்தில் ஊறிப்போன எஸ். கரிவர்தனின் பெயரைத் தாங்கி நிற்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் 'ஃபார்முலா பாரத்' போட்டியிலும் இதே கதைதான்.

மாணவர்கள் கண்மண் தெரியாத வேகத்தில் போய்விடக்கூடாது என்று வைத்த கடிவாளம் இது. ஆனால் காற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை இந்தச் சின்ன ஓட்டை கற்றுக்கொடுப்பதுபோல வேறெதுவும் கற்றுக்கொடுப்பதில்லை.

இன்ஜினின் சாப்பாடு பெட்ரோல் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். எடை போட்டுப் பார்த்தால் 1 கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூட்டிக் கொடுப்பது பெரிய காரியமில்லை. இன்ஜெக்டரைக் கொஞ்சம் அதிக நேரம் திறந்துவைத்தால் முடிந்தது. காற்றை அப்படி ஊற்ற முடியாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது. அதை நிரப்ப வெளிக்காற்று தானாக ஓடிவந்தால்தான் உண்டு. வரும் வழியில் ஏர் ஃபில்டர், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் திறக்கும் த்ராட்டில் பாடி, பிளீனம் என்ற காற்றுப் பெட்டி, அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் ரன்னர் குழாய், கடைசியாக வால்வு. மாணவர் காரில் த்ராட்டிலுக்கும் பிளீனத்துக்கும் நடுவில் அந்த 20 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் உட்கார்ந்திருக்கும்.

அந்த ஓட்டையால் எவ்வளவு காற்று கொடுக்க முடியும்? நொடிக்கு ஏறத்தாழ 63 லிட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. அந்த நிலையில் தொண்டைப் பகுதியில் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டிருக்கும். மணிக்கு 1,100 கிலோமீட்டருக்கும் மேல். 'இன்னும் வேண்டும்' என்று பிளீனம் பக்கமிருந்து எவ்வளவுதான் உறிஞ்சினாலும், அந்தச் சேதி எதிர்நீச்சல் போட்டுத் தொண்டையைத் தாண்டி மேலே போய்ச் சேர வேண்டும். சேதி நீந்துவதும் ஒலியின் வேகத்தில்தான், எதிரே வரும் வெள்ளமும் அதே வேகம். எனவே சேதி போய்ச் சேராது.

இப்போது மறுபக்கம். நம் கல்லூரி அணிகள் பல விரும்பி எடுப்பது கே.டி.எம். 390-இன் 373 சி.சி. ஒற்றைச் சிலிண்டர் இன்ஜினை. நிமிடத்துக்கு 9,000 சுற்றில் அது நொடிக்கு 75 மடக்கு காற்று குடிக்கும். ஒவ்வொரு மடக்கையும் 373 சி.சி. என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 28 லிட்டர். ஓட்டை தரக்கூடியது 63, இன்ஜின் கேட்பது 28. பாதிகூட இல்லையே, பிறகென்ன கவலை?

கவலை நேரத்தில் இருக்கிறது. இன்ஜின் சீராகக் குடிப்பதில்லை. நான்கு வீச்சில் ஒன்றில்தான் குடிக்கிறது. வால்வு சற்று முன்பே திறந்து பிந்தி மூடுவதையும் சேர்த்தால் மூன்றில் ஒரு பங்கு நேரம். அந்தக் குறுகிய நேரத்தில் அது கேட்கும் வேகம் நொடிக்கு 84 லிட்டர். மீதி நேரம் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ரெஸ்ட்ரிக்டரை நேராக இன்ஜினோடு இணைத்துவிட்டால், வேண்டிய நேரத்தில் போதாமலும் வேண்டாத நேரத்தில் சும்மாவும் கிடக்கும்.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டாம். சென்னையில் வாடகை வீட்டில் இருந்தால் போதும். தெருக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வரும். அதற்கு நேராக மோட்டாரைப் போட்டு இழுத்தால் காற்றுதான் வரும். அதனால் தரைக்குக் கீழே ஒரு சம்ப் கட்டுகிறோம். நூல் தண்ணீர் ராத்திரி முழுக்க விழுந்து சம்ப் நிரம்பும். காலையில் மோட்டார் அரை மணி நேரத்தில் அத்தனையையும் மேலே ஏற்றிவிடும். குழாய் பெரிதாகவில்லை, அதற்கு வேலை செய்ய நேரம் கிடைத்தது, அவ்வளவுதான். பிளீனம் இன்ஜினின் சம்ப். வால்வு மூடியிருக்கும்போதும் ரெஸ்ட்ரிக்டர் அதை நிரப்பிக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் சம்பைப் பெரிதாகக் கட்டிவிட வேண்டியதுதானே? கட்டலாம். ஓட்டுநர் திட்டுவார். அவர் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடிக்கொள்ளும். ஆனால் பிளீனத்தில் தேங்கிய காற்றை இன்ஜின் தொடர்ந்து குடித்துக்கொண்டிருக்கும். 3 லிட்டர் பிளீனத்தை வற்றச் செய்ய இந்த இன்ஜினுக்கு ஏழெட்டு மடக்கு ஆகும். 5,000 சுற்றில் அது 0.18 நொடி. 60 கிலோமீட்டர் வேகத்தில் கார் அதற்குள் 3 மீட்டர் போயிருக்கும். பிளீனத்தை 6 லிட்டராக்கினால் 6 மீட்டர். கொண்டை ஊசி வளைவில் 6 மீட்டர் என்பது வளைவுக்கு உள்ளே இருப்பதற்கும் புல்தரையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம். 'கால எடுத்தாலும் வண்டி தள்ளுது' என்று ஓட்டுநர் வந்து சொன்னால் பிரேக்கைக் குறை சொல்வதற்கு முன் பிளீனத்தை அளந்து பார்க்க வேண்டும்.

கொள்ளளவுக்கு அடுத்தது வடிவம். தட்டையான சுவரில் வெறுமனே ஓட்டை போட்டுக் குழாயை ஒட்டினால், கூர்மையான விளிம்பில் காற்று திரும்ப முடியாமல் பிய்த்துக்கொண்டு போகும். குழாயின் நடுவில் மட்டும் ஒல்லியாக ஓடும். குழாயைச் சுவரைத் தாண்டி உள்ளே நீட்டிவிட்டால் இன்னும் மோசம். விளிம்பை ஊமத்தம்பூவின் வாய்போல வெளிப்பக்கம் வளைத்துவிட்டால் காற்று வழுக்கிக்கொண்டு நுழையும். நுழைவிழப்பு எண் என்று ஒன்று உண்டு: கூர்விளிம்புக்கு 0.5, நன்றாக உருட்டிய வாய்க்கு 0.04 வாக்கில். பத்தில் ஒன்றுக்கும் கீழே! 46 மில்லிமீட்டர் குழாய்க்கு 7 முதல் 9 மில்லிமீட்டர் ஆரத்தில் உருட்டினாலே இது கிடைத்துவிடும். காசு செலவில்லாத குதிரைத்திறன் என்று ஒன்று இருந்தால் அது இதுதான்.

பூவாய் வைத்தால் மட்டும் போதாது, அதற்கு எதிரே காற்று கூடி வர இடமும் வேண்டும். 2002-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த நிசான் 350இசட் காரில், பானட் சரிவுக்கு அடங்க வேண்டும் என்று பிளீனத்தின் கூரையை முன்பக்கம் தாழ்த்தியிருந்தார்கள். முன்னால் இருந்த 2 சிலிண்டர்களின் வாய்க்கு மேலே கூரை கவிந்து மூச்சு முட்டியது. பிளீனத்தின் மேல்பாதியைத் தூக்கி நிறுத்தும் அலுமினியத் தட்டை வெளிக் கம்பெனிகள் விற்கத் தொடங்கின. வேறு எதையும் தொடாமல் கூரையை ஒரு சென்டிமீட்டர் வாக்கில் உயர்த்தும் வைத்தியம் அது.

இனி த்ராட்டில் பாடி. ஒரு கல்லூரிப் பட்டறையில் ராத்திரி ஒரு மணிக்கு ஒரு பையன் அரத்தோடு உட்கார்ந்திருந்தான். காற்று வழியை மூடித் திறக்கும் பட்டர்ஃபிளை தகட்டைத் தாங்கும் கம்பியை இருபுறமும் அரைத்து ஒல்லியாக்கிக்கொண்டிருந்தான். "பாதி ஷாஃப்ட்ட எடுத்துட்டேன் சார், அஞ்சு குதிரையாவது கூடும்" என்றான். அவன் செய்தது தப்பான வேலையில்லை. 46 மில்லிமீட்டர் துவாரத்துக்குக் குறுக்கே 8 மில்லிமீட்டர் கம்பி நின்றால் பரப்பில் 22 சதவீதம் போய்விடும். சாதாரணப் பந்தய இன்ஜினில் அரைப்பதற்கு அர்த்தம் உண்டு (தகட்டைப் பிடிக்கும் திருகுகளை இறுக்கி, கழலாமல் பசை போட்டால் மட்டும்; ஒரு திருகு கழன்று விழுந்தால் நேரே பிஸ்டன் தலைக்குத்தான் போகும்). ஆனால் அவன் காரில் கம்பி போக மிச்சமிருந்த வழியே 1,294 சதுர மில்லிமீட்டர். அதற்குக் கீழே ரெஸ்ட்ரிக்டரில் இருப்பது 314. நான்கு கதவுள்ள கல்யாண மண்டபத்தின் வெளிவாசலில் ஒற்றைத் திட்டிவாசல் இருக்கிறது. அவன் மண்டபக் கதவின் நிலையைச் செதுக்கிக்கொண்டிருந்தான். சொன்னேன். சிரித்தான். அரைப்பதை நிறுத்தவில்லை.

உண்மையில் அவனுடைய த்ராட்டில் பாடி பெரிதாக இருந்ததுதான் சிக்கல். பெடல் பாதி தூரம் இறங்குவதற்குள்ளேயே 314 சதுர மில்லிமீட்டர் திறந்துவிடும். அதற்குப் பிறகு மிதிப்பதெல்லாம் வீண் மிதி. கட்டுப்பாடு முழுவதும் பெடலின் முதல் பாதியில் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும். ஓட்டுநருக்குக் கார் வெடுக்கென்று பாயும். அனுபவப்பட்ட அணிகள் சின்ன பாடிக்கு மாறிவிடும்.

தெருவில் ஓடும் வண்டிக்கும் கேள்வி ஒன்றுதான்: வழியில் எது மிகக் குறுகலான இடம்? 60 மில்லிமீட்டர் த்ராட்டிலை 65 ஆக்கினால் பரப்பு 17 சதவீதம் கூடும் என்பது வாஸ்தவம். ஃபில்டர் பெட்டியின் மூக்கு அதைவிடச் சிறியதாக இருந்தால் அந்த 17-ம் கணக்கில்தான் இருக்கும். இன்னொன்று, உட்சுவரைக் கண்ணாடிபோல மெருகேற்றுவதில் பலருக்கு ஆசை. அதற்கு முன் பிளீனமும் த்ராட்டிலும் சேரும் இடத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கேஸ்கெட் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் 46 மில்லிமீட்டர் துவாரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் பரப்பு போயிற்று. ஒரு பிளேடால் சரிசெய்யக்கூடிய விஷயம்.

இப்படிக் குறுகலான வாசல் வைத்தால் மனிதனுக்குப் பின்வாசல் தேடும் புத்தியும் வரும். உலக ரேலி போட்டியில் 1995-இல் டர்போவுக்கு முன்னால் 34 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் கட்டாயமாக இருந்தது. அந்த ஆண்டு ஸ்பெயினின் கத்தலூன்யா ரேலியில் டொயோட்டா செலிகா கார்களைப் பிரித்துப் பார்த்தபோது கண்டுபிடித்தார்கள்: ரப்பர் குழாயை மாட்டி கிளாம்பை இறுக்கினால், உள்ளே ஒளிந்திருந்த ஸ்பிரிங்குகள் நகர்ந்து ரெஸ்ட்ரிக்டரைச் சுற்றி இன்னொரு வழி திறந்துகொள்ளும். சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால் எல்லாம் பழையபடி மூடி, அளவுகோலுக்குச் சரியாக 34 காட்டும். அணியை அந்த ஆண்டு சாம்பியன்ஷிப்பிலிருந்து நீக்கி மேலும் 12 மாதம் தடை போட்டார்கள். திருட்டுத்தனம்தான், ஆனாலும் அந்த வேலைப்பாட்டைப் படத்தில் பார்த்தால் ஒரு கணம் மனசு கைதட்டிவிடும்.

மாணவர் போட்டியில் இதற்கெல்லாம் எளிமையான சோதனை ஒன்று உண்டு. இன்ஜினை ஓடவிட்டு, காற்று நுழையும் வாயை அடைப்பார்கள். உடனே நிற்காது. பிளீனத்தில் மிச்சமிருப்பதை நாலைந்து மடக்கு குடிக்கும், திணறும், பிறகு அடங்கும். அடங்காமல் தட்டுத்தடுமாறியாவது ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கள்ள வழி இருக்கிறது என்று அர்த்தம்: வெல்டிங்கில் ஒரு மயிரிழைக் கீறல், சென்சார் செருகிய இடத்தில் ஒரு தளர்ச்சி, அல்லது அவசரத்தில் மடிந்துபோன ஒரு கேஸ்கெட். சுற்றி நிற்கும் பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். தாங்கள் மாதக்கணக்கில் கட்டிய இன்ஜின் சாகவேண்டும் என்று வேண்டிக்கொண்டு நிற்பார்கள்.