நகல் வேறு, போலி வேறு: யப்பானிய மின்கிற்றார்களை இனங்காணல்

ஒருவர் செய்த பொருளைப் பார்த்து அதனைப் போலவே மற்றொருவர் செய்து, தம் பெயரைப் பொறித்து விற்றால் அது நகல். முன்னவரின் பெயரையே பொறித்து விற்றால் அது போலி. கேட்பதற்கு இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றலாம். ஆயினும், பழைய இசைக்கருவிகளைத் தேடிச் சேர்ப்போர் பெரும் பொருளை இழப்பதும் இழவாது தப்புவதும் இதனை அறிவதிலேயே தங்கியிருக்கின்றன. 1970ஆம் ஆண்டுகளில் யப்பானில் உருவான மின்கிற்றார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை இன்று விளக்க விரும்புகிறேன்.

நேயர்களே, அக்கருவிகளின் மூலங்கள் அமெரிக்காவிலே தோன்றியவை. கிப்சன் கம்பனியார் 1952இல் லெஸ் போல் என்னும் கலைஞரின் பெயரால் ஒரு கிற்றாரை வெளியிட்டனர். ஃபென்டர் கம்பனியார் 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்பதை வெளியிட்டனர். கிப்சன் கிற்றாரின் கழுத்து, உடலோடு பசையிட்டு ஒட்டப்பட்டது. ஃபென்டர் கிற்றாரின் கழுத்து, திருகாணிகளால் பிணைக்கப்பட்டது. இவ்வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் பயன்படும்.

யப்பானிய இளைஞரிடையே 1960ஆம் ஆண்டுகளில் மின்கிற்றார் மோகம் பெருகியது. வென்ச்சர்ஸ் என்ற அமெரிக்கக் குழுவினர் அங்கு சென்று வாசித்தனர். 1966இல் பீற்றில்ஸ் குழுவினரும் தோக்கியோவில் மேடையேறினர். ஆனால் அமெரிக்கக் கருவியை வாங்குவது எளிதாக இருக்கவில்லை. 1949 முதல் 1971 வரை ஒரு டொலருக்கு 360 யென் என்பது நாணய மாற்று விகிதம். கடை முகப்பில் தொங்கிய கிற்றாரைக் கண்ணால் காணலாம். கையால் தொடுதல் அரிது. இத்தேவையை நிறைவு செய்யவே உள்நாட்டுத் தொழிலாளர் முன்வந்தனர்.

அவர்களிற் பலர் நாகனோ மாநிலத்து மட்சுமோட்டோ நகரைச் சேர்ந்தவர்கள். அங்கேயிருந்த மட்சுமோக்கு என்னும் நிறுவனம் தையல் இயந்திரங்களுக்கு மரப்பெட்டி செய்து பழகியது. ஃபுஜிகென் நிறுவனம் 1960இல் அந்நகரிலேயே தோன்றியது. ஹமமட்சு நகரில் 1947 முதல் இயங்கிவந்த டோக்காய் நிறுவனமும் இத்துறையில் இறங்கியது. இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கிற்றாரின் தலையிலுள்ள பெயர் எப்போதும் அதைச் செய்தவரின் பெயர் அன்று. கிரெக்கோ என்பது கண்டா ஷொக்காய் என்னும் வணிகரின் பெயர்க்குறி. இபானெஸ் என்பது ஹோஷினோ நிறுவனத்தாரின் பெயர்க்குறி. இரு பெயர்களையும் தாங்கிய கருவிகள் பல ஃபுஜிகென் தொழிற்சாலையிலேயே பிறந்தவை.

தொடக்கத்தில் அவர்கள் வெளியுருவத்தையே பின்பற்றினர். 1970ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் வந்த லெஸ் போல் நகல்கள் பலவற்றில் கழுத்து திருகாணியால் இணைந்திருந்தது. மேற்பலகை ஒட்டுப்பலகையாக, உள்ளே வெற்றிடத்தோடு அமைந்திருந்தது. உருவம் கிப்சன், உள்ளமைப்பு வேறு. ஆனால் அவர்கள் அவ்வளவில் நின்றுவிடவில்லை. அப்பத்தாண்டு முடிவதற்குள் மகோகனி உடலின்மேல் மேப்பிள் பலகை பொருத்தி, கழுத்தைப் பசையிட்டு ஒட்டி, மூலத்தோடு ஒப்பிடத்தக்க கருவிகளைச் செய்துவிட்டனர்.

அமெரிக்கர் வாளாவிருக்கவில்லை. அந்நாளில் கிப்சனுக்கு உடைமையாளராயிருந்த நோர்லின் நிறுவனத்தார், இபானெஸ் கருவிகளை அமெரிக்காவில் விற்ற எல்ஜர் நிறுவனத்தின்மீது 1977இல் பிலடெல்பியாவில் வழக்குத் தொடுத்தனர். கிற்றாரின் தலைவடிவமே வழக்கின் பொருள். 1978இல் இருதரப்பினரும் இணக்கத்துக்கு வந்தனர். இந்த ஒரு வழக்கைக் காட்டி, அக்காலத்து யப்பானிய நகல் ஒவ்வொன்றையும் “வழக்குக் கிற்றார்” என அழைத்து விலையை உயர்த்துவது இன்றும் வணிகரிடையே காணப்படும் வழக்கம். அதற்கு ஆதாரமில்லை. வழக்கிற்குட்பட்டது ஒரு நிறுவனம். நகல் செய்தவையோ பல.

இனி, ஒரு பழைய கிற்றார் உங்கள் கைக்கு வருகின்றதென வைத்துக்கொள்வோம். பொற்கொல்லர் நகையின் வேலைப்பாட்டைக் கண்டு மயங்குவதில்லை. உரைகல்லில் உரைத்தே மாற்றறிவார். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும். முதலிற் கழுத்தின் இணைப்பைப் பாருங்கள். லெஸ் போல் வடிவுடைய கருவியின் பின்புறத்தில் நான்கு திருகாணிகள் தெரியுமாயின், அது முற்கால நகலாக இருத்தல் கூடும்.

அடுத்து எண்ணைப் பாருங்கள். ஃபுஜிகென் செய்த கிரெக்கோ, இபானெஸ் கருவிகளில், 1970ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதி தொடங்கி ஓர் ஆங்கில எழுத்தும் சில இலக்கங்களும் இருக்கும். எழுத்து மாதத்தையும், அதை அடுத்த இரு இலக்கங்கள் ஆண்டையும் குறிக்கும். ‘எஃப்’ ஆறாவது எழுத்து. ஆகவே ‘எஃப் 78’ எனத் தொடங்கும் கருவி 1978 யூன் மாதத்தது. மாதிரிப் பெயரும் பேசும். கிரெக்கோ ‘ஈ.ஜி. 500’ என்பது 50,000 யென்னுக்கும், டோக்காய் ‘எல்.எஸ். 80’ என்பது 80,000 யென்னுக்கும் விற்கப்பட்டவை. எண் உயர உயர மரமும் வேலையும் உயர்ந்தன.

மூன்றாவதாக, உரியவரின் அனுமதியோடு பின்மூடியைத் திறந்து பாருங்கள். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகிகளின் தண்டில், அமெரிக்கக் கருவியாயின் பெரும்பாலும் 24 பற்கள். யப்பானியக் கருவியாயின் 18 பற்கள். பழைய அமெரிக்கத் திருகிகளின் முதுகிலே செய்தவரையும் ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும் இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எனினும், உறுப்புகள் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம். ஆதலால் ஒரே சான்றைக் கொண்டு முடிவு செய்யாது, பல சான்றுகளும் ஒன்றையே கூறுகின்றனவா என ஆராய்தல் நலம்.

ஏன் இத்தனை ஆராய்ச்சி எனச் சிலர் வினவலாம். சிறந்த யப்பானிய நகல்களின் தலையிலிருந்த பெயரைச் சுரண்டிவிட்டு, கிப்சன் அல்லது ஃபென்டர் என்ற பெயரை ஒட்டிப் பன்மடங்கு விலைக்கு விற்போர் உளர். தலையின் முகப்பிலே மட்டும் மெருகு புதிதாயிருத்தலும், புறஊதா விளக்கின் ஒளியில் அவ்விடம் வேறு நிறங்காட்டுதலும் ஐயத்துக்குரிய குறிகள்.

இச்செயலால் இழப்பு வாங்குபவருக்கு மட்டுமன்று. அக்கருவியைச் செய்த தொழிலாளரின் உழைப்புக்கும் வரலாறு இல்லாமற் போகின்றது. 1982இல் ஃபென்டர் கம்பனியாரே கண்டா ஷொக்காய், யமனோ என்னும் யப்பானிய நிறுவனங்களுடன் கூட்டுச் சேர்ந்து, தம் பெயர் தாங்கிய கருவிகளை ஃபுஜிகென் தொழிற்சாலையிற் செய்வித்தனர். 1985இல் ஃபென்டர் கைமாறியபோது பழைய தொழிற்சாலை புதிய உடைமையாளருக்குக் கிடைக்கவில்லை. அவ்விடைக்காலத்தில் யப்பானியக் கருவிகளே அப்பெயரைத் தாங்கி நின்றன. பார்த்துச் செய்யக் கற்ற கைகளிடமே மூலத்துக்குரியவர் வேலையை ஒப்படைத்தனர் என்றால், அக்கைகளுக்கு அதனினும் சிறந்த நற்சான்று வேறென்ன வேண்டும்?

ஆகவே, தலையில் கிரெக்கோ என்றோ டோக்காய் என்றோ எழுதிய பழைய கிற்றார் ஒன்று உங்களிடம் இருப்பின், அப்பெயரை அழியவிடாது காத்துக்கொள்ளுங்கள். அது நகல்தான், ஆனால் தான் யாரென்பதை மறைக்காத நகல்.