டேப்பில் ஏறினால் போதுமா, திரும்பி வர வேண்டாமா?

மருத்துவமனை, வங்கி, பல்கலைக்கழகம் என்று நம் விவரங்களை வைத்திருக்கும் பல இடங்களில் யூனிக்ஸ் வகை சர்வர்கள்தான் ஓடுகின்றன. இரவானதும் அவற்றின் கோப்புகள் நெட்வொர்க் வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் உள்ள டேப் டிரைவுக்குப் போவது நீண்டகால வழக்கம். டேப்பைப் பழைய சரக்கு என்று ஒதுக்க முடியாது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் சிலருடைய ஜிமெயில் அஞ்சல்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது.

முதல் ஆபத்து வழியில் இருக்கிறது. ஆர்எஸ்எச் என்ற பழைய முறையில் தகவல் அப்பட்டமாகப் போகும். நம்பகமான கம்ப்யூட்டர் என்று பட்டியலில் பெயர் இருந்தால் பாஸ்வேர்டுகூடக் கேட்காது. தகவலை என்கிரிப்ட் செய்து, அதாவது பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் எஸ்எஸ்எச் முறையைப் பின்லாந்தின் டாட்டு இலோனென் 1995-ல் உருவாக்கிய பிறகு, அந்தப் பழைய முறையில் நீடிப்பதற்கு நியாயமே இல்லை.

ஆனால் எஸ்எஸ்எச் வழியை மட்டுமே காக்கும். தகவல் போய்ச் சேர்ந்த டேப் யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம். 2011-ல் அமெரிக்காவின் சான் அன்டோனியோவில் ஓர் ஊழியரின் காரிலிருந்து பேக்கப் டேப்புகள் திருடுபோயின. ராணுவ மருத்துவத் திட்டத்தைச் சேர்ந்த சுமார் 49 லட்சம் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. ஆகவே சர்வரை விட்டுக் கிளம்பும் முன்பே தகவலை என்கிரிப்ட் செய்ய வேண்டும். அதன் சாவியை டேப்போடு வைக்கக் கூடாது.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது ஓசையில்லாத தோல்விதான். டார் கட்டளை கோப்புகளை மூட்டை கட்டி அனுப்ப, மறுமுனையில் டிடி கட்டளை டேப்பில் எழுதுகிறது. டார் பாதியில் நின்றாலும், வந்தவரை எழுதிவிட்டு டிடி 'வெற்றி' என்கிறது. கட்டளைகளை இயக்கும் ஷெல் கடைசிக் கட்டளையின் பதிலையே எடுத்துக்கொள்கிறது. பேஷ் ஷெல்லில் 'பைப்ஃபெயில்' அமைப்பைப் போட்டால் இந்தப் பொய் வெளிப்படும். லினக்ஸில் இன்னொரு கண்ணி: டேப் டிரைவின் 'எஸ்டி0' என்ற பெயரில் எழுதினால், முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்த பேக்கப் முந்தையதன் மேலேயே ஏறும். அடுத்தடுத்துச் சேர்க்க 'என்எஸ்டி0' வேண்டும்.

பேக்கப் நடக்கிறது என்று நம்பியிருந்து ஏமாந்த பெரிய நிறுவனங்களும் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் தவறுதலாகத் தரவுத்தளம் அழிக்கப்பட்டபோதுதான், அன்றாட பேக்கப் உருவாகவே இல்லை என்பது தெரிந்தது. எச்சரிக்கை மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? ஐரோப்பாவின் ஜிடிபிஆர் 32-வது பிரிவு, தகவலை உரிய நேரத்தில் மீட்கும் திறனையும் அதைத் தொடர்ந்து சோதிப்பதையும் கடமையாக்குகிறது. கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும் இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தகவல் கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். புகாரை முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் கொடுங்கள். தீராவிட்டால் வாரியத்தை அணுகலாம்.

நீங்கள் ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவரானால், 'பேக்கப் எடுத்தாயிற்றா?' என்று கேட்டு நிறுத்தாதீர்கள். போன மாதத்து டேப்பிலிருந்து ஒரு கோப்பை, வேறொரு கம்ப்யூட்டரில், உங்கள் கண் முன்னே மீட்டுக் காட்டச் சொல்லுங்கள்.