கத்தரிக்குத் தப்பிய ஒன்பதாம் பிரிவு
(பிரசவ வார்டுக்கு வெளியே – 9)

போன வாரம் நெகட்டிவ் ரத்த வகைக்காரர்களும் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஆன்டி-டி ஊசியும். தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் குற்றாலம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். போகிற வழியில் பாவூர்சத்திரம் பக்கம் ஒரு திண்ணையில் உட்கார்ந்தது தப்பாகிப்போனது. அத்தியாயம் அங்கேயே சம்மணம் போட்டுவிட்டது.

திண்ணையில் இருந்தவர் பீடி சுற்றிக்கொண்டே பேசினார். மடியில் தட்டு. நறுக்கிய இலையில் ஒரு சிட்டிகை தூள், ஒரு உருட்டு, நகத்தால் நுனியை மடக்கி நூலை ஒரு சுற்று. கண் என் மேல் இருந்தது, கை நிற்கவில்லை. அவருக்கு மூன்றாம் மாதத்தில் கரு கலைந்திருக்கிறது. வாஷ் பண்ணி அனுப்பினார்கள். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு போர்வைக்குள் செல்லை வைத்துத் தேடியிருக்கிறார். எத்தனை நாள் உதிரம் போகும், அடுத்தது எப்போ தங்கும், பப்பாளி தின்றதாலா, குடம் தூக்கியதாலா.

கடைசி இரண்டு கேள்விக்கும் பதில் இருக்கிறது. தொடக்க மாதங்களில் கலைகிற கருக்களில் ஏறத்தாழ பாதிக்குக் காரணம் குரோமோசோம் கோளாறு. குடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைத் தெளிவாகச் சொல்லும் ஒரு தமிழ் வீடியோவுக்குப் பப்பாளியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் பத்து வீடியோ வருகிறது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அவருடைய வேறொரு கேள்வி.

“எல்லாத்துக்கும் செல்லு ஏதோ ஒண்ணு சொல்லிச்சுக்கா. நாலாம் நாளு இலை நனைக்கலாமான்னு கேட்டேன். அதுக்கு மட்டும் ஒண்ணும் வரல.”

நாலாம் நாள் பீடி இலையை நனைத்து வேலையைத் தொடங்கிவிட்டார். வாரக் கணக்கு முடிக்க வேண்டுமே.

அன்று ராத்திரி நான் சட்டத்தைப் பிரித்தேன். இனி வருவதில் கொஞ்சம் அளவு மீறுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் ஒன்பதாம் பிரிவு என்று ஒன்று இருந்தது. கரு கலைந்தால், கலைந்த மறுநாள் முதல் ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு. நியூசிலாந்து 2021இல் இதே இழப்புக்கு மூன்று நாள் விடுப்பு கொடுத்தபோது உலகமே எழுதியது. நம்மிடம் அறுபது வருஷமாக ஆறு வாரம் தாளில் தூங்கிக்கொண்டிருந்தது.

அது ஆலைக்காரிக்கு, ஆபீஸ்காரிக்கு. திண்ணைக்கு எப்படி வரும் என்பீர்கள். நானும் அப்படி நினைத்துத்தான் 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை எடுத்தேன். அதன் 37ஆம் பிரிவு, மகப்பேறு நலச் சட்டம் பீடித் தொழிலுக்கும் செல்லும் என்றது. வீட்டிலிருந்து சுற்றுகிறவருக்கும் செல்லுமாம், சில வெட்டுகளோடு. நாளுக்கு ஒரு ரூபாயாவது கிடைக்க வேண்டும் என்ற வரி போயிற்று. அன்றைக்கு 25 ரூபாயாக இருந்த மருத்துவ போனஸ், எட்டாம் பிரிவு, போயிற்று. கலைந்த பிறகு உடம்பு தேறாவிட்டால் மேலும் ஒரு மாதம் தரும் பத்தாம் பிரிவும் போயிற்று. தகட்டை வைத்து இலையை நறுக்குகிற மாதிரி நறுக்கியிருக்கிறார்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் இருந்த ஒன்பது மட்டும் கத்தரிக்குத் தப்பிவிட்டது! டெல்லியில் யாருக்கு இரக்கம் வந்ததோ, யார் கவனிக்காமல் விட்டாரோ.

இன்னும் ஒன்று. மகப்பேறு நலச் சட்டத்தின் நான்காம் பிரிவுப்படி, கரு கலைந்தது தெரிந்தும் அந்த ஆறு வாரத்துக்குள் முதலாளி வேலை வாங்கக் கூடாது. அப்படியானால் தெரிந்தே பீடிக் கடையில் தூளும் இலையும் நிறுத்துக் கொடுப்பதே தப்பு.

மறுநாள் போய் இதைச் சொன்னேன். சிரித்தார். “கார்டு எங்க அத்தை பேர்ல இருக்குக்கா. அவியளுக்கு அறுவது வயசு. கரு கலைஞ்சிருச்சுன்னா கடைக்காரரு நம்புவாரா?”

மாமியார் பெயரில் பீடித் தொழிலாளி அட்டை, மருமகள் கையில் வேலை. இந்தப் பக்கத்து ஊர்களில் இது புதிதே இல்லை. முந்தைய மூன்று மாதச் சம்பளத்தின் சராசரியில்தான் தொகை கணக்காகும். அந்த மூன்று மாதமும் மாமியார் கணக்கில் ஏறியிருந்தால் மருமகளுக்கு எங்கே போய்ச் சராசரி பார்ப்பது? அதோடு சான்று வேண்டும். இவரிடம் இருந்ததோ பில் மட்டும். ஆகவே ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்முன் நோயின் பெயரும் தேதியும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். பணம் கிடைக்கிறதோ இல்லையோ, அடுத்த முறை பார்க்கும் டாக்டருக்கு உதவும். ராத்திரியில் சந்தேகம் வந்தால் 104. மனசு தாங்காவிட்டால் 14416, டெலி-மானஸ், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலோ, நாற்றமோ, ஒரு மணி நேரத்தில் பேடு நனைந்து வழியும் உதிரமோ இருந்தால் போனில் தேடிக்கொண்டிருக்காமல் 108.

2025 நவம்பர் 21 முதல் இந்தப் பழைய சட்டங்கள் புதிய தொகுப்புகளுக்குள் போய்விட்டன. ஆறு வாரம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின் 65ஆம் பிரிவாக உட்கார்ந்திருக்கிறது. திண்ணைக்காரிக்கு அங்கே என்ன இடம் என்பதைச் சங்கத்துக்காரர் ஒருவரோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்க்க வேண்டும்.

குற்றாலத்துக்கு வர இடமில்லை. ஒன்றே ஒன்று. ஐந்தருவிப் பக்கம் சீசனில் துரியன் விற்கும்போது, பிள்ளை தங்காதவர்களைக் கண்ணாலேயே கண்டுபிடித்துக் கூப்பிடுகிறார்கள். பாவூர்சத்திரத்து அத்தையும் மருமகளை அங்கே அழைத்துப் போயிருக்கிறார். துரியன் கருவைத் தங்கவைக்கும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது. விலை கேட்டதும் அத்தையே ரம்புட்டான் வாங்கித் திரும்பிவிட்டாராம். அந்தக் கடைகளில் சாரல் காலம் மட்டும் நாள் கூலிக்கு நிற்கிற பெண்களுக்கு அட்டையும் இல்லை, அத்தை பேரும் இல்லை. அவர்களிடம் அடுத்த வாரம், நிச்சயமாக.

(தொடரும்)