மரம் மறைத்தால் வேகம் குறையும்

வீட்டிலுள்ள இணைய வசதியைத் தொலைவிலுள்ள பம்புசெட்டுக்குக் கம்பி இல்லாமல் கொண்டு செல்ல முடியுமா? முடியும். 2006-ம் ஆண்டிலேயே தேனி அரவிந்த் கண் மருத்துவமனையுடன் ஐந்து கிராமக் கண் பரிசோதனை மையங்கள் இவ்வாறு இணைக்கப்பட்டன. மருத்துவர் தேனியில் இருந்தபடியே நோயாளியைத் திரையில் பார்த்துப் பேசினார்.

இரு முனையிலும் கம்பம் நட்டு, தட்டு ஆன்டெனாக்களை ஒன்றையொன்று பார்க்கும்படி பொருத்த வேண்டும். 5.8 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், குறிப்பிட்ட சக்திக்குள் இயங்கும் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை.

எதிர்முனை கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் போதாது. அலை நடுவழியில் பருத்துச் செல்லும். எனவே பார்வைக் கோட்டைச் சுற்றி, 2 கிலோமீட்டர் தூரத்துக்கு 3 மீட்டரும், 5 கிலோமீட்டருக்கு 5 மீட்டரும் தடையின்றி இருப்பது அவசியம். இலைகளிலுள்ள நீர் அலையை உறிஞ்சிவிடும். இன்று நடும் தென்னங்கன்று நாளை 20 மீட்டர் உயரம் வளர்ந்து வழியை அடைக்கும் என்பதை மறக்கக் கூடாது.

வேகம் ஏன் குறைகிறது? தூரம் இருமடங்கானால் வந்து சேரும் அலையின் வலிமை நாலில் ஒரு பங்காகிவிடும். வலிமை குறைந்தால் கருவி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும், பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது போல, இரு கருவிகளும் ஒரே அலைவரிசையில் மாறி மாறியே பேசுகின்றன. ஆகவே பெட்டியில் 300 மெகாபிட் என்று அச்சிட்டிருந்தாலும், நல்ல நிலையில்கூட ஏறத்தாழ பாதியே கிடைக்கும். வீட்டு இணைப்பு 20 மெகாபிட் என்றால், பம்புசெட்டிலும் இணையம் அதற்கு மேல் வராது. ஆனால் காவல் காமிரா ஒன்றுக்கு 4 மெகாபிட் போதுமானது. எனவே பெரிய எண்ணைப் பார்த்து அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குமுன் வீட்டு மாடியில் ஏறி வழியைப் பாருங்கள். கருவியைத் தற்காலிகமாகப் பொருத்தி, பம்புசெட்டில் கிடைக்கும் வேகத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகே பணம் கொடுப்பது நல்லது. இரும்புக் கம்பத்துக்கு எர்த் போடுவதும், இடிதாங்கி அமைப்பதும் கட்டாயம். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் வழியிலுள்ள கிளைகளைக் கழித்துவிட்டால் வேகம் குறையாமல் இருக்கும்.